ஒரே ஒரு டி.சி.

1984ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் ஏற்காடு மலையில் தலைச்சோலைக் கிராமத்து மாதையன் மகள் ஆராயிக்கு மூன்று கல்லூரிகளிலிருந்து கடிதம் வந்தது. முதலில் வந்தது சேலம் பெண்கள் கல்லூரியிலிருந்து, பி.காம். படிப்புக்கு. இரண்டு நாள் கழித்துச் சென்னையிலிருந்து பி.எஸ்ஸி. கணிதம். அந்த வாரச் சனிக்கிழமை, ஓரமெல்லாம் மழையில் நனைந்து ஊறிப்போய், கோயம்புத்தூரிலிருந்து வேளாண்மைப் பட்டப்படிப்பு.

தலைச்சோலைக்குத் தபால் வந்து சேர நாளாகும். அதனால் ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஷேக் தாவூத் மளிகைக் கடையின் முகவரியைத்தான் எல்லா விண்ணப்பங்களிலும் ஆராயி எழுதியிருந்தாள். ஷேக் தாவூதின் மகள் ஹலீமாவும் அவளும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கடிதங்களை முதலில் பிரித்துப் படித்ததும் ஹலீமாதான். அவளுக்கும் சேலத்தில் அதே பி.காம். கிடைத்திருந்தது.

"மெட்ராஸ் லெட்டரையும் கோயமுத்தூர் லெட்டரையும் பருப்பு மடிக்கக் குடுத்திருடி. நமக்கு ஒண்ணு போதும்" என்றாள் ஹலீமா.

ஆராயி சிரித்தாள், ஆனால் கடிதங்களைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் எதிர்காலத்தைப் பற்றி யார் கேட்டாலும் அவளிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "பேங்க்குல கடன் குடுக்கற ஆபீசர்." டாக்டர், டீச்சர், நர்ஸ் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும்போது நடுவில் இப்படி ஒரு பதில் வந்தால் வகுப்பு சிரிக்காமல் என்ன செய்யும்? ஆனால் ஆராயி வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் கை மெஷின் வாங்க மாதையன் ஏற்காட்டிலிருந்த ஒரு பேங்க்கில் கடன் கேட்டிருந்தார். அவருக்கு இருந்தது இரண்டரை ஏக்கர். மெஷின் இல்லாததால் பழத்தைப் பழமாகவே, வாங்குகிறவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. தோட்டத்தைப் பார்க்க மார்ச் மாதம் ஓர் இளம் ஆபீசர் வந்தார். வெயிலில் செடிகளெல்லாம் இலை சுருண்டு தொங்கிக்கொண்டிருந்த நேரம். கிளை வெட்டும் கவாத்தும் முடிந்திருந்ததால் பாதிச் செடிகள் மொட்டையாக நின்றன. சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளில் காய் பறித்து முடித்திருந்தார்கள். ஆபீசர் அதைக் காட்டுக்கொடி என்று நினைத்துக்கொண்டு நடந்துபோனார். மாதையன் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தார். பெரிய மனிதர் கேட்காததைத் தானாகச் சொல்வது மரியாதையில்லை என்று நினைத்து வாயே திறக்கவில்லை.

பதினைந்து நாளில் பேங்க்கிலிருந்து கடிதம் வந்தது. அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியவள் ஆராயி. 'தோட்டம் பராமரிப்பின்றிக் காய்ந்துள்ளது. ஊடுபயிர் ஏதுமில்லை. கடன் வழங்க இயலாது.' அந்த வாரம்தான் காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழை இறங்கியது. ஒன்பதாம் நாள் காலையில் தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்து, வாசம் ரோடு வரைக்கும் போயிற்று. ஆராயி அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பூவுக்கு நடுவில் நின்று இன்னொரு தடவை வாசித்தாள். அழுகை வரவில்லை. அந்த ஆபீசரின் நாற்காலியில் காப்பியைத் தெரிந்த ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்குமே என்று தோன்றியது. அந்த ஒருத்தர் ஏன் தானாக இருக்கக்கூடாது என்று தோன்ற மேலும் இரண்டு நாள் ஆயிற்று.

மாதையன் இரண்டு வருஷம் கழித்துப் பழைய மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு அந்தக் கதையையே மறந்துவிட்டார். ஆராயி கடிதத்தைக் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தாள்.

பேங்க்குக்குப் போக வேண்டுமென்றால் பி.காம். இதில் ஏற்காட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சென்னைக் கடிதத்தை ஆராயியின் அம்மா காளியாயி ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். "அத்தாந்தொலவு வேண்டாஞ் சாமி. காய்ச்சல்னு ஒரு கடுதாசி போட்டா, அது வந்து சேர்றதுக்குள்ள காய்ச்சலே போயிரும்." ஆராயிக்கும் அதில் வருத்தமில்லை. கணக்கு அவளுக்கு வரும். ஆனால் மூன்று வருஷம் கணக்கு மட்டுமே படிக்க ஆசையில்லை.

கோயம்புத்தூர் விண்ணப்பத்தை உயிரியல் டீச்சர் சொன்னதற்காகத்தான் போட்டு வைத்திருந்தாள். கடிதத்தோடு சின்னப் புத்தகம் ஒன்றும் வந்திருந்தது. தலைச்சோலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதைப் புரட்டினாள். மண், பூச்சி, விதை என்று பாடங்களின் பெயர் வரிசையாக இருந்தது. மூன்றாம் வருஷப் பட்டியலில் ஒரு வரியில் கண் நின்றது: 'வேளாண் நிதியும் கூட்டுறவும்'. பஸ் வந்ததைக் கண்டக்டர் இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டில் அதைச் சொன்னபோது மாதையன் முகம் சுருங்கிற்று.

"மண்ணுல நாங்க பொரள்றது போதாதா கண்ணு? நீ நாற்காலியில உக்காரோணும்னுதானே படிக்க வெச்சோம். பேங்க்குக்குப் போறவ பேங்க்குப் படிப்புப் படிக்கோணும். பாய் கிட்டச் சொல்லியிருக்கறேன், திங்கக்கெழமை அவரு சேலம் போறாராம். ஹலீமாவும் நீயும் அவருகூடப் போய்ப் பணத்தைக் கட்டிட்டு வந்துருங்க."

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. மகளைக் கல்லூரிக்கு அனுப்ப ஷேக் தாவூதுக்கு முதலில் மனமில்லை. "ஆராயி போனா நீயும் போ. துணைக்குத் துணையாச்சு" என்று கடைசியில் ஒத்துக்கொண்டிருந்தார். தினமும் மலையிறங்கி, இருபது வளைவும் சுற்றி, சாயங்காலம் மலையேறிவிடலாம். இரண்டு பெண்களும் பஸ்ஸில் எந்த சீட்டில் உட்காருவது என்பது வரைக்கும் ஹலீமா பேசி முடித்திருந்தாள்.

ஆராயி ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு வந்து, பேங்க் பியூன் வீட்டில் விசாரித்தாள். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்த ஆபீசர் ஜேசுதாஸ் இப்போது எங்கே இருக்கிறார்? சேலத்தில், ரீஜனல் ஆபீசில் என்றார் பியூன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

திங்கட்கிழமை, ஜூலை ஒன்பதாம் தேதி. ஷேக் தாவூத் பெண்கள் இருவரையும் கல்லூரி வாசலில் விட்டுவிட்டு, செவ்வாய்ப்பேட்டையில் சரக்கு எடுக்கப் போனார். மூன்று மணிக்கு பஸ் ஸ்டாண்டில் சந்திப்பதாகப் பேச்சு. கல்லூரியில் பணம் வாங்கும் ஜன்னல் ஒரு மணிக்கு அடைத்துவிடும். வரிசை மரத்தடி வரைக்கும் நீண்டிருந்தது. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: அசல் மதிப்பெண் பட்டியலும் டி.சி.யும் கொடுத்தால்தான் ரசீது. கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திரும்பத் தரப்பட மாட்டாது.

ஆராயி அதைப் படித்தாள். இடம் மூன்று இருக்கலாம், டி.சி. ஒன்றுதான். இங்கே கொடுத்துவிட்டால் கோயம்புத்தூரில் காட்ட ஒன்றுமிருக்காது.

வரிசை நகர்ந்து, முன்னால் நாலு பேர் இருக்கும்போது, "நீ எனக்கு முன்னாடி வா" என்று ஹலீமாவைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எதுக்கு? யாரு முதல்ல கட்டினா என்ன?"

"வாடின்னா."

ஹலீமா பணம் கட்டினாள், சான்றிதழ்களைக் கொடுத்தாள், ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பினாள். ஆராயி வரிசையை விட்டு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி! உன்ற முறை!"

"ஒரு எடத்துக்குப் போய்ட்டு வந்து கட்டறேன். கூட வர்றியா?"

ரீஜனல் ஆபீஸ் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. மின்விசிறிக்குக் கீழே பறக்காமலிருக்க ஒவ்வொரு தாள்கட்டின் மேலும் கல் வைத்திருந்தார்கள். ஜேசுதாஸுக்கு முன்தலையில் முடி குறைந்திருந்தது. ஆராயியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாரும்மா? எந்த எஸ்டேட்?"

"எஸ்டேட் இல்லீங்க. தலைச்சோலை. மாதையன் தோட்டம், ரெண்டரை ஏக்கரு" என்று சொல்லி, நோட்டிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

அவர் படித்தார். அடியிலிருந்த கையெழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"நான் எழுதுனதுதான். அதுக்கென்ன இப்போ?"

"சண்டை போட வரலீங்க. ஒண்ணு கேட்டுக்கலாம்னு வந்தனுங்க. நீங்க என்ன படிச்சீங்க?"

"பி.எஸ்ஸி. பிசிக்ஸ்."

ஹலீமா தாவணி முனையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஜேசுதாஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "என் ஊரு தூத்துக்குடி. மலைன்னா எப்படி இருக்கும்னு வேலைக்கு வந்துதான் பாத்தேன். வந்த நாலாவது மாசம் உங்க தோட்டத்துக்கு வந்தேன் போல. ஆமா, மரத்துல எல்லாம் ஒரு கொடி ஏறியிருந்துச்சே, அது என்ன கொடி?"

"மிளகுங்க."

அவர் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போடச் சொன்னார்.

ஆராயி கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பி.காம். படித்தால் எந்த வழியாக ஆபீசர் ஆகலாம்? வேளாண்மை படித்தவர்களை பேங்க்கில் எடுப்பார்களா, மாட்டார்களா? எடுத்தால் என்ன வேலை?

"எடுக்காங்க. இப்போ நாலஞ்சு வருஷமா நெறையவே எடுக்காங்க. அக்ரி படிச்சா நேரா ஆபீசர். தோட்டம், வயல் பாத்து எந்தக் கடன் குடுக்கலாம்னு எழுதறது அவங்கதான். நான் அன்னைக்குப் பாத்த வேலை. பி.காம்.னா பரீட்சை எழுதி கிளார்க்கா உள்ள வரலாம், அப்புறம் மேல ஏறலாம். நேரா ஆபீசர் பரீட்சையும் எழுதலாம், ஆனா கூட்டம் ஜாஸ்தி."

ஆராயி எழுதிக்கொண்டாள். அவர் கையை உயர்த்தினார்.

"இரு, முழுசாக் கேளு. அக்ரி ஆபீசருக்குப் பட்டணத்துக் கிளை கிடைக்காது. கிராமம் கிராமமா மாத்துவாங்க. வரப்பு மேல நடந்தே வயசு போயிடும். கணக்குப் புத்தகம் தெரியாத ஆளுன்னு உள்ளே உக்காந்திருக்கிறவங்க ஒதுக்கி வப்பாங்க. மேனேஜர் ஆக நாளாகும். பி.காம்.காரன் ஏ.சி. ரூமுக்குப் போய்ச் சேர்ந்தப்புறமும் நீ வெயில்ல நிப்ப. எந்த வழியில போனாலும் சம்பளம் வரும். உனக்கு எது வேணும்?"

"எனக்குத் தோட்டத்தப் பாத்து எழுதற வேலைதானுங்க வேணும்."

"அப்ப எங்கிட்ட ஏன் கேக்க வந்த?"

ஆராயி தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தாள். எழுந்துகொண்டாள். ஜேசுதாஸ் அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உங்கப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்மா" என்றார். கொஞ்சம் விட்டு, "நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

கல்லூரிக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டே முக்கால். வரிசையில் மூன்றே பேர். ஆராயி அவர்களுக்குப் பின்னால் போய் நின்றாள். ஹலீமாவுக்கு உயிர் வந்தது. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, "சர்ட்டிபிகேட்" என்றது.

டி.சி. ஆராயியின் கையில்தான் இருந்தது. அதைக் கொடுப்பதற்கு ஒரு நொடி போதும். காலையும் மாலையும் ஹலீமாவோடு பஸ், வீட்டுச் சாப்பாடு, அப்பாவின் சந்தோஷம், மூன்றே வருஷம். எல்லாமே நல்லவைதான். ஒன்றிலும் குறை சொல்ல முடியவில்லை.

"இல்லீங்க. நான் கட்டலீங்க" என்று சொல்லி விலகினாள்.

மரத்தடியில் ஹலீமா பிடித்துக்கொண்டாள். "உனக்குப் பைத்தியமா? உன்ன நம்பித்தான் எங்க அத்தா என்னை அனுப்ப ஒத்துக்கிட்டாங்க. நீ வரலைன்னா என்னையும் நிறுத்திருவாங்க. அது தெரியுமா தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் உன்னை முன்னாடி நிக்க வெச்சேன்."

ஹலீமா கையிலிருந்த ரசீதைப் பார்த்தாள். ஆராயியைப் பார்த்தாள். விடுவிடுவென்று பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். அவளுக்குக் கோபம் போய்விட்டதா இல்லையா என்று ஆராயிக்கும் தெரியவில்லை. பாதி வழியில் ரோட்டைக் கடக்கும்போது மட்டும் வழக்கம்போல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஷேக் தாவூத் நாலு மூட்டையை பஸ் கூரையில் ஏற்றிவிட்டு, பெண்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். அடிவாரம் தாண்டி முதல் வளைவில் வண்டி திரும்பும்போது ஆராயி முன்னால் சாய்ந்து, நடந்ததை அவரிடம் சொல்லிவிட்டாள். வேறொருவர் வாயால் அவர் கேட்பதில் அவளுக்கு விருப்பமில்லை.

"மாமா, நான் பணம் கட்டலீங்க. கோயமுத்தூர்ல அக்ரி படிக்கப் போறேன். ஹலீமா கட்டிட்டா."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வளைவு போயிற்று.

"அப்ப இவ தனியாவா போய்ட்டு வருவா?"

இன்னொரு வளைவு.

"ரசீதை எடு, பாக்கலாம்."

ஹலீமா நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தார். பஸ் குலுங்கிய குலுக்கலில் மூன்றாவது தடவையும் படிக்க வேண்டியிருந்தது.

"கட்டின பணம் திரும்பாதுன்னு போட்டிருக்கான்."

"ஆமாங்கத்தா" என்றாள் ஹலீமா.

"வாங்கின சரக்கைக் குப்பையில போடற பழக்கம் நம்ம குடும்பத்துல இல்ல. காலைல போற பஸ்ல டிரைவரு, கண்டக்டரு ரெண்டு பேரும் நம்ம கடையிலதான் டீத்தூள் வாங்கறாங்க. சொல்லி வெக்கறேன். போய்ட்டு வா." பிறகு ஆராயியின் பக்கம் திரும்பினார். "நீ என்னைய நல்லா ஏமாத்திட்ட. பேங்க்குல நல்லா வருவ."

ஹலீமா பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பதினைந்தாவது வளைவுக்கு மேல் பனி மூட்டத்துக்குள் பஸ் நுழைந்தபோது இருவருமாக வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

தலைச்சோலையில் தூறல். மாதையன் களைக்கொத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கட்டியாச்சா கண்ணு?"

"இல்லீங்கப்பா" என்று ஆராயி பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நடந்ததையெல்லாம் நின்ற இடத்திலேயே சொன்னாள்.

மாதையனுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துவிடும். "மம்முட்டி புடிக்க நானே போதுஞ் சாமி. அதுக்குப் போயி கோயமுத்தூரு, நாலு வருசம். நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?"

"அன்னிக்கு நம்ம தோட்டத்துக்கு வந்தாரில்லீங்களா, அந்த ஆபீசர் படிச்சது பிசிக்ஸுங்கப்பா."

"அப்பிடின்னா?"

"வெளிச்சம், சத்தம், காந்தம், அதெல்லாம்."

மாதையன் களைக்கொத்தைக் கீழே வைத்தார். "வெளிச்சம் படிச்சவருக்குப் பின்னாலயா நான் அத்தன நேரம் நடந்தேன்?"

வீட்டுக்குள் அடுப்பருகே இருந்த காளியாயி எட்டிப் பார்த்தாள். "நீங்களாச்சும் அது மொளகுன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்."

"அவரு கேக்கலியே!"

"அப்ப கேக்கத் தெரிஞ்சவளை அனுப்புங்க" என்றவள், கொதிக்கும் களியைக் கிண்டப் போய்விட்டாள்.

மாதையன் அன்றைக்குச் சரி என்று சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. வேலைக்குப் போனார், வந்தார். மூன்றாம் நாள், செடிகளுக்கு நடுவே ஆராயியைக் கூப்பிட்டு, அந்தப் படிப்பில் காப்பி உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். மிளகு? அதுவும் உண்டு. சாமை? இருக்கும் என்று நினைக்கிறேன் என்றாள். "நெனைக்காத. பாத்துச் சொல்லு" என்றார். அவள் ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பார்த்து, சிறுதானியம் என்று ஒரு பாடமே இருக்கிறது என்று வந்து சொன்னாள். மாதையன் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு சந்தையிலிருந்து அவர் திரும்பியபோது தலையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பூட்டு தனியாக இடுப்பில் செருகியிருந்தார்.

கோயம்புத்தூரில் அவள் வகுப்பில் பெண்கள் மிகக் குறைவு. முதல் மாதம் ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை, வெயில் பிடிக்கவில்லை, கிணற்றுத் தண்ணீரில் உப்பு. இரண்டாம் மாதம் எல்லாம் பழகிற்று. காப்பிப் பாடம் நடந்த வாரத்தில் ஆசிரியர் சொன்ன ஒரு தகவலை எழுந்து நின்று மறுத்தாள். அவர் கோபித்துக்கொள்ளாமல் அவளையே கரும்பலகைக்கு அழைத்தார். வேளாண் நிதிப் பாடம் வந்தபோது, ஒரு தோட்டத்தின் வருமானத்தை எந்த மாதத்தில் பார்த்து மதிப்பிடுவது என்பதைப் பற்றி மட்டும் பதினொரு பக்கம் கட்டுரை எழுதினாள். ஐந்து பக்கம்தான் கேட்டிருந்தார்கள்.

ஹலீமாவின் கடிதம் மாதம் இரண்டு வரும். மூன்றாம் வருஷக் கடைசியில் வந்த கடிதத்தில், 'நான் பாஸ்' என்று மட்டும் எழுதி, மிச்சப் பக்கம் முழுக்கப் பூ வரைந்திருந்தாள். அடுத்த வருஷம், ஆராயி கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது, இன்னொன்று வந்தது. ஹலீமா பேங்க் பரீட்சை எழுதி கிளார்க் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். சேலத்திலேயே கிளை. 'உனக்கு முன்னாடி நான் பேங்க்குக்குப் போயிட்டேன். அன்னைக்கு வரிசையிலும் முன்னாடி நீதான் நிக்க வெச்ச. மேடம் வந்து சேர்ந்ததும் எனக்கு சல்யூட் அடிக்கணும்.' ஆராயி அதை அறைத் தோழிகளுக்கெல்லாம் படித்துக் காட்டினாள். சந்தோஷத்தோடு லேசாக ஒரு பொறாமையும் இருந்தது. அதை மறைக்காமல் பதிலில் எழுதினாள்.

அவளுக்கு வேலை சுலபமாகக் கிடைக்கவில்லை. முதல் தடவை நேர்முகத்தில் தள்ளிவிட்டார்கள். ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தாள். அப்பாவோடு காப்பி பறித்தாள். பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தாள். 'படிச்ச பொண்ணு கூடையச் சொமக்குது' என்று ஊரில் பேச்சு வந்தது. மாதையன் எதையும் கேட்டுக்கொண்டதாகக் காட்டவில்லை. இரண்டாவது நேர்முகத்தில், "ஒரு விவசாயி கடன் கேட்டு வருகிறார். முதலில் என்ன கேட்பீர்கள்?" என்றார்கள். "எந்த மாசம் வந்து பாக்கட்டும்னு கேப்பேங்க" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். ஏன் என்று கேட்டார்கள். அவள் விளக்கிச் சொன்ன கால்மணி நேரம் யாரும் குறுக்கே பேசவில்லை.

1990 தொடக்கத்தில் உத்தரவு வந்தது. மலைப் பகுதி எதுவும் இல்லை. மன்னார்குடிப் பக்கம், நெல் விளையும் ஒரு கிராமத்துக் கிளை. ஜேசுதாஸ் எச்சரித்தது எல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது. வெயிலில் வரப்பு மேல் நடந்தாள். பேரேடு தெரியாத ஆபீசர் என்று உள்ளே இருந்தவர்கள் முதல் ஆறு மாதம் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, இந்த வேலைக்குச் சம்பளமும் தருகிறார்களே என்றிருந்தது.

அடுத்த வருஷம் தைக் கடைசியில் மாதையனும் காளியாயியும் மகளைப் பார்க்க வந்தார்கள். அவ்வளவு தூரம் இருவரும் பஸ்ஸில் போனதே அதுதான் முதல் தடவை. அடுத்த நாள் காலை, ஆராயி அவர்களைப் பெரியசாமி என்பவரின் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அறுவடை முடியாத கடைசி வயல்கள் அவருடையவை. மாதையன் வாய்க்கால் கரையில் நின்று நான்கு பக்கமும் பார்த்தார். அடிவானம் வரைக்கும் எங்கேயும் ஒரு மேடு இல்லை.

"ஏனுங்க" என்று பெரியசாமியைக் கேட்டார், "பள்ளமே இல்லாத ஊருல, தண்ணிக்கு எந்தப் பக்கம் போவோணும்னு எப்பிடித் தெரியும்?"

பெரியசாமி வாய்விட்டுச் சிரித்தார். "தண்ணிக்குத் தெரியாதுங்க. நாங்கதான் வருஷா வருஷம் சண்டை போட்டுச் சொல்லிக் குடுக்கறோம்."

காளியாயி அதற்குள் வாய்க்காலில் இறங்கியிருந்தாள். தை மாதத்தில் தண்ணீர் இப்படி வெதுவெதுப்பாக இருக்குமா என்று அவளுக்கு ஆச்சரியம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெளியே வர மனமில்லாமல் நின்றாள். மாதையன் ஒரு நெற்கதிரை ஒடித்து, உள்ளங்கையில் கசக்கி ஊதி, மணியைக் கடித்துப் பார்த்தார். பெரியசாமி எந்த மாதம் நட்டார், எத்தனை தண்ணீர் விட்டார், எந்த எரு என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். அரைமணி நேரம் ஆகியும் கேள்வி முடியவில்லை.

ஆராயிக்கு பேங்க்குக்கு நேரமாகிவிட்டது. "நீங்க பேசிட்டு வாங்க, ஊடு நேரா அந்தப் பனைமரத்துக்கிட்ட" என்று கைகாட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு அவள் வந்தபோது இருவரும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் பனைமரமாக இருந்ததில், மாதையன் இரண்டு தடவை வழி தவறிவிட்டார்.